மைக்கில் ‘கடவுள் துணை’ என்று சொன்னது குறித்து

அனுப்புநர்:
வயர்லெஸ் பணியாளர்,
படகுக் கட்டுப்பாட்டு அறை
(தற்சமயம் அமர்த்தப்பட்டிருக்கும் இடம்: தொலைந்த பொருள் அறை),
பிரதான படகுத்துறை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
நீர்வழிப் போக்குவரத்துத் துறை,
தலைமை அலுவலகம்.

உரிய வழியாக:
உதவி இயக்குநர் அவர்கள் (படித்துவிட்டு அனுப்பினால் நல்லது, படிக்காமல் அனுப்பினாலும் சரி, அனுப்பினால் போதும்).

பொருள்: பணி நேரத்தில் மதப் பரப்புரை செய்ததாகவும் படகுகளை நிறுத்தச் சொல்லிக் கேப்டன்களைத் தூண்டியதாகவும் என்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டை நீக்கி, என்னைக் கட்டுப்பாட்டு அறைக்குத் திருப்பி அனுப்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. ஒலிபரப்பில் சமயச் சொற்களைத் தவிர்ப்பது பற்றிய சுற்றறிக்கை. 2. எனது இடமாற்ற உத்தரவு. 3. நான் கையெழுத்திட வேண்டும் என்று தட்டச்சு செய்து கொடுக்கப்பட்ட மன்னிப்புக் கடிதம் (கையெழுத்திடப்படாமல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனுவைச் சுருக்கமாக எழுதும்படி அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். சுருக்கமாகப் பேசிய ஒரே ஒரு காலையில்தான் எனக்கு இந்த வினையெல்லாம் வந்து சேர்ந்தது. ஆகையால் நீளமாகவே எழுதுகிறேன். தாங்கள் பொறுமையோடு கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் தங்கள் துறையில் படகுகளை அனுப்பி வைக்கும் வேலை பார்ப்பவள். டிக்கெட் கொடுப்பவர், ஆட்களை ஏற்றுபவர், கயிறு அவிழ்ப்பவர் எல்லோரும் தத்தம் வேலையை முடித்த பிறகும் படகு நகராது. மாடியில் கண்ணாடி அறையில் இருக்கும் நான் வயர்லெஸ்ஸில் சொன்னால்தான் நகரும். அந்த அறைக்கு மூன்று பக்கம் கண்ணாடி. நான்காவது பக்கச் சுவரில் தங்களுடைய படமும் தங்களுக்கு முன்பிருந்த இயக்குநர்களின் படங்களும் இருக்கின்றன. நாற்காலியின் இடது கை ஆடும். அதைப் பழைய சட்டைத் துணியால் நானே இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். வேறு யார் அதில் உட்கார்ந்தாலும் முதல் நாளே முதுகு பிடித்துக்கொள்ளும். கேப்டன்கள் என்னைக் ‘கண்ட்ரோல் அக்கா’ என்று கூப்பிடுவார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

2. படகுத்துறையின் வாய் குறுகலானது. மணல் ஏற்றிய பார்ஜுகள் என்னும் தட்டைச் சரக்குப் படகுகள், மீன்பிடிப் படகுகள், நம்முடைய பயணிகள் படகுகள் எல்லாமே அந்த ஒரே வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும். துறைச்சுவர் மறைப்பதால், உள்ளே நிற்கும் படகின் கேப்டனுக்குக் குறுக்கே என்ன வருகிறது என்று தெரியாது. என் கண்ணாடிக்குத் தெரியும். எங்கள் வழக்கம் இதுதான். முதலில் நான் “புறப்படலாம்” என்பேன். கேட்டதும் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்குவார்கள். நனைந்த கயிறு லேசில் கழலாது. அதற்குள் நான் எழுந்து நின்று வாயை ஒரு பார்வை பார்த்துவிடுவேன். எதுவும் வரவில்லை என்றால் மறுபடி மைக்கை அழுத்தி, “நல்லபடியா போயிட்டு வாங்க, கடவுள் துணை” என்பேன். படகு போகும். நான் அந்த நாற்காலியில் இருந்த காலம் முழுக்க, அந்த வாயில் ஒரு படகு இன்னொரு படகை உரசியதில்லை. துறையின் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

3. இந்த வார்த்தை எப்படி வந்தது என்று என்மீது நடந்த விசாரணையில் கேட்டார்கள். நான் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. இங்கே எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலை கடும் காற்று. எல்லாப் படகுகளையும் நிறுத்தி வைத்திருந்தோம். எதிர்க்கரையில் பிரசவ வலியில் ஒரு பெண் இருப்பதாகவும், குழந்தை குறுக்கே கிடப்பதாகவும், இங்குள்ள மருத்துவமனைக்கு எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்றும் தகவல் வந்தது. இப்போது துறையிலேயே மூத்தவராக இருக்கும் கேப்டன் அப்போது நடுவயதுக்காரர். யாரும் கேட்காமலேயே படகில் ஏறிவிட்டார். நான் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஒரு மைக் இருந்தது. “கடவுள் துணை” என்று சொன்னேன். போனார், அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தார். இறங்கி மாடிக்கு வந்து, சட்டையைப் பிழிந்துகொண்டே, “நீ சொன்ன துணை கூடவே வந்துச்சும்மா” என்றார். மறுநாள் மற்றக் கேப்டன்கள் பிடித்துக்கொண்டார்கள். “அவருக்கு மட்டும் சொன்னீங்களாமே, நாங்க என்ன தண்ணியில போகலையா?” என்று ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்று முதல் எல்லோருக்கும் சொன்னேன். வெயிலோ மழையோ, கோபத்தில் இருந்தாலும் காய்ச்சலில் இருந்தாலும், ஒரு படகுக்கும் விடாமல் சொன்னேன்.

4. இதில் தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்று நான் நினைக்கும் ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். நான் கடவுளைக் கும்பிடுகிறவள் அல்ல. எந்த வழிபாட்டு இடத்துக்கும் போகும் வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் கணவருடையது. அவர் தையல்காரர். தேசிய தினத்தன்று நம் படகுகளில் பறக்கும் கொடிகள் எல்லாம் அவர் கையால் தைத்தவை. கொடித் துணியில் கத்தரி வைக்கும்போது “கடவுளே” என்று சொல்லிக் கண்ணை மூடித் திறந்துவிட்டுத்தான் வெட்டுவார். அவர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. “வீட்ல ஒரு கும்பிடு போட மாட்டா, ஊருக்கெல்லாம் மைக் வச்சு ஆசீர்வாதம் பண்ணுவா” என்பார். அவருக்கு நான் சொல்லும் பதிலையே தங்களுக்கும் சொல்கிறேன். ஒருவரைத் தண்ணீரில் அனுப்பும்போது என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ‘தங்கள் பயணம் குறித்து அக்கறை கொண்டுள்ளேன்’ என்று சொன்னால் கேப்டன் சிரிப்பார். நாம் பேசும் பேச்சில் அதற்கு என்று இருக்கிற சொல் இதுதான். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லிச் சொல்லித் தேய்ந்து வழவழப்பாகிய சொல். நான் எடுத்துப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான்.

5. சில மாதங்களுக்கு முன் பயணி ஒருவர் தங்கள் துறைக்குக் கடிதம் எழுதினார். கேப்டன் அறையின் ஓரமாக நின்று பயணம் செய்தபோது வயர்லெஸ்ஸில் என் குரலைக் கேட்டாராம். அரசின் கருவியில் கடவுள் பெயர் சொல்லப்படுகிறது, அது யாருடைய கடவுள் என்று கேட்டிருந்தார். கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத் துறை அனுப்பியது பார்வை 1-ல் கண்ட சுற்றறிக்கை. ஒலிபரப்புக் கருவி வழியாகச் சமயச் சொற்கள், ஆசிகள், வாழ்த்துகள் எதுவும் கூறக் கூடாது. விதிப்புத்தகத்தில் உள்ளபடி முதலில் வாயைப் பார்த்துவிட்டு, “புறப்படலாம், ஓவர்” என்று ஒரே முறை சொல்லி நிறுத்த வேண்டும். உதவி இயக்குநர் அவர்கள் அதைத் தாமே மாடிக்குக் கொண்டுவந்தார். என் தம்பி வயதுதான் இருக்கும், நல்ல பிள்ளை. “எனக்கே இதுல இஷ்டம் இல்லக்கா. மேலிடத்து உத்தரவு. என்ன பண்றது, கடவுள் விட்ட வழி” என்று சொல்லிவிட்டுத்தான் மேசையில் வைத்தார். அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே உறைக்கவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

6. மறுநாள் காலை நடந்ததுதான் என் மீதுள்ள இரண்டாவது குற்றச்சாட்டு. நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

உத்தரவு என்றால் உத்தரவு என்று வீம்பாகத்தான் அன்று மாடியேறினேன். முதல் படகு தயாரானது. விதிப்புத்தகத்தில் உள்ளபடி எழுந்து நின்று பார்த்தேன். வாய் காலியாக இருந்தது. மைக்கை அழுத்தி, “புறப்படலாம், ஓவர்” என்றேன். உட்கார்ந்தேன். படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டபடி, நின்ற இடத்திலேயே நின்றது. சரி, ஏதோ சில்லறைக் கோளாறு என்று இரண்டாவது படகுக்குச் சொன்னேன். அதுவும் கயிற்றை அவிழ்த்துவிட்டு நின்றது. மூன்றாவதும் அப்படியே. ஏறிய ஜனங்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். துறையில் வரிசை வாசல்வரை போய்விட்டது.

ஐயா, எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சுற்றறிக்கையை எதிர்த்துக் கேப்டன்கள் எனக்காகப் போராட்டம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்காகப் போராடச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. ஜனங்களை நிறுத்தி வைத்து வாங்கித் தரும் மரியாதை எனக்கு வேண்டாம். ஆகவே நானும் வாயைத் திறக்கவில்லை. அவர்களாகக் கிளம்பட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதில் என் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

கடைசியில் மூத்த கேப்டனின் குரல் வந்தது. “ஏம்மா, உன் ஜன்னல்ல என்ன தெரியுது? பார்ஜ் வருதா? எதுக்கு எங்கள நிறுத்தி வச்சிருக்க?”

நான் எங்கே நிறுத்தினேன், புறப்படச் சொல்லி எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டேன்.

“புறப்படச் சொன்ன. வழியனுப்பலையேம்மா” என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கும் அவருக்கும், அந்த அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் விளங்கியது. இத்தனை வருஷ வழக்கத்தில் அவர்களுக்குப் “புறப்படலாம்” என்றால் கயிற்றை அவிழ்க்கலாம் என்று ஆகிவிட்டது. “கடவுள் துணை” என்றால்தான் வழி காலி, போகலாம் என்று ஆகிவிட்டது. நானே பழக்கிய பழக்கம், எனக்கே தெரியாது. அது வராததால், நான் குறுக்கே எதையோ பார்த்துவிட்டேன், பாதியில் பேச்சை நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்து நல்ல கேப்டன்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நின்றார்கள். கேப்டன்கள் ஆசிக்காகக் காத்திருந்தார்கள் என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறது. அவர்கள் காத்திருந்தது என் கண்ணுக்காக. யாரும் யாரையும் தூண்டவில்லை, யாரும் போராடவில்லை. நான் அவர்களைத் தப்பாக நினைத்ததற்கு மூத்த கேப்டனிடம் நேரில் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அவர் அதற்கும் சிரித்தார்.

7. அன்று மாலையே இடமாற்ற உத்தரவு வந்தது. விசாரணை அதற்குப் பிறகுதான் நடந்தது. மாடியிலிருந்து கீழே, தொலைந்த பொருள் அறை. குடைகள், கண்ணாடிக் கூடுகள், சாப்பாட்டுத் தூக்குகள், ஒற்றைச் செருப்புகள் ஆகியவற்றுக்கு இப்போது நான் பொறுப்பாளர். (ஒற்றைச் செருப்போடு ஒரு மனிதன் எப்படி வீடுவரை போனான் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.) இந்த வேலையையும் குறைவின்றிச் செய்கிறேன். எந்த வேலையும் எனக்குக் கேவலம் இல்லை. ஆனால் என்னை இங்கே உட்கார வைத்ததற்குச் சொல்லப்படும் காரணம் எனக்குக் கேவலம்.

பார்வை 3-ல் உள்ள கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் தேசிய தினத்துக்கு முன்பே மாடிக்குப் போய்விடலாம், போடாவிட்டால் ஓய்வு பெறும்வரை இங்கேயேதான் என்று சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தில் உள்ளது இது: ‘பணி நேரத்தில் மதப் பரப்புரையில் ஈடுபட்டமைக்கும், படகு கேப்டன்களைத் தூண்டிவிட்டுப் பொதுமக்கள் சேவையை முடக்கியமைக்கும் மனப்பூர்வமாக வருந்துகிறேன்.’

அலுவலகத்தில் எல்லோரும் போடச் சொல்கிறார்கள். என் கணவரும் சொன்னார். “ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை. வார்த்தை காகிதத்துல கிடக்கட்டும், நாற்காலி உனக்குக் கிடைக்கட்டும்” என்றார். அவர் தைக்கும் கொடியில் ஒரு பட்டை நூலளவு கோணினாலும் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவர். தூரத்தில் பறக்கும் கொடியில் அது யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அவர் காதில் வாங்கியதில்லை. அதை நினைவுபடுத்தினேன். தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

8. சமயச் சொல் என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தாங்கள் சற்று யோசிக்க வேண்டும். நம் அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். தட்டச்சு அம்மாவின் கணினி அணைந்து மறுபடி உயிர்பெற்றால் “தெய்வமே” என்கிறார். வாசல் காவலர், “ஆண்டவன் புண்ணியத்துல இன்னிக்கு மழை இல்ல” என்று கதவைத் திறக்கிறார். முதலுதவி அறை மருத்துவர், காலில் கட்டுப் போட்டு முடித்ததும், “நான் செய்யறத செஞ்சுட்டேன், மத்தது மேல இருக்கிறவன் பாத்துப்பான்” என்கிறார். அவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது, என்னிடமே சொல்லியிருக்கிறார். இவர்கள் யாரும் பரப்புரை செய்யவில்லை. பெருமூச்சு விடுகிறார்கள், நன்றி சொல்கிறார்கள், கவலைப்படுகிறார்கள். இந்தச் சொற்களை எடுத்துவிட்டால் நம் வாயில் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

தேசிய தினத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷாவருஷம் அன்று நம் படகுகள் கொடி கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். தாங்கள் மாடிக்கு வந்து என் நாற்காலியில் அமர்ந்து, எல்லாப் படகுகளுக்கும் கேட்கும்படி உரை வாசிப்பீர்கள். தங்கள் இரண்டு கையிலும் காகிதம் இருப்பதால் மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடிப்பது நான். உரையின் கடைசி வரி ஒருநாளும் மாறியதில்லை. ‘இறைவன் நம் தாய்நாட்டை என்றென்றும் காத்தருள்வாராக.’ அந்த வரி காற்றில் போகும்போது பொத்தான்மேல் இருந்தது என் விரல். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது. கும்பிடாத எனக்கே கண் கலங்கியிருக்கிறது. இந்த நாட்டில் பிறந்து இந்த வேலை பார்க்கிறோமே என்று அப்படி ஒரு பெருமையாக இருக்கும். அந்த வரியைத் தாங்கள் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. நிறுத்தினால் முதலில் வருந்துபவள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நாடு என்று தாங்கள் சொன்னது யாரை? காலை முதல் படகில் இரவுப் பணி முடிந்து தூங்கி வழிந்தபடி வீட்டுக்குப் போகும் நர்ஸ் இருக்கிறார். திருத்தாத விடைத்தாள் கட்டோடு ஓர் ஆசிரியர் இருக்கிறார். தோளில் குழாயைச் சுமந்துகொண்டு எல்லோரையும் இடித்துத் திட்டு வாங்கும் பிளம்பர் இருக்கிறார். பக்கத்தில் உட்கார வெட்கப்பட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கும் புதுமணத் தம்பதி இருக்கிறார்கள். இவர்கள்தானே ஐயா நாடு. தாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சொன்னதைத்தான் நான் தினமும் படகு படகாகச் சொன்னேன். அதே அறை, அதே மைக். தாங்கள் சொன்னால் தேசபக்தி, நான் சொன்னால் பரப்புரை என்றால் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

9. புகார் எழுதியவரைப் பற்றியும் எழுத வேண்டும். விட்டுவிட்டால் அது நேர்மை ஆகாது. சென்ற வாரம் ஒருவர், படகில் மறந்து வைத்த பையைக் கேட்டு என் அறைக்கு வந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். பைக்குள் யாரோ பழுது பார்க்கக் கொடுத்த சுவர்க்கடிகாரம் ஒன்று, துண்டில் சுற்றியபடி இருந்தது. கொடுத்தேன். என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதானே அந்த மாடி அம்மா? நான்தான்மா அந்தக் கடுதாசி எழுதினவன்” என்றார். கொடுத்த பையைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. செய்யவில்லை. உட்காரச் சொன்னேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எங்க சனம் இந்த ஊர்ல கொஞ்சம் பேருதாம்மா. பொது இடத்துல யாராவது கடவுள்னு சொன்னா, அது எங்களுக்குப் பக்கத்து வீட்டு விருந்து மாதிரி. வாசனை வரும், கூப்பிட மாட்டாங்க. அதான் யாரோட கடவுள்னு கேட்டேன்.” இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஆள் என் படகில் நின்றுகொண்டிருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது எனக்குச் சுட்டது. நான் கும்பிடுகிறவளே இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “அப்ப உங்களையும் விருந்துக்குக் கூப்பிடலையா?” என்றார். நானும் சிரித்தேன்.

யாருடைய கடவுள் என்றால், படகில் இருப்பவர்கள் அத்தனை பேருடைய கடவுளும் சேர்த்திதான், கடவுள் இல்லை என்பவருக்கு என் அக்கறை மட்டும் என்று சொன்னேன். “இத அன்னிக்கே யாராவது ஒரு வரி எழுதியிருந்தா போதுமேம்மா. நான் பதில்தான் கேட்டேன். உங்க வாயை அடைக்கச் சொல்லலையே” என்றார். மறுபடி விசாரணை வைத்துக் கூப்பிட்டால் வந்து இதையே சொல்வதாகவும், தம் கடை துறைவாசலுக்கு எதிரிலேயே இருப்பதாகவும் சொன்னார். அவரை யாரும் இதுவரை கூப்பிடவில்லை. போகும்போது, “நல்லா இருங்கம்மா, உங்களுக்கு ஒரு குறையும் வராது” என்றார். அதை யார் பெயரால் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

10. ஆகவே நான் தங்களிடம் கேட்டுக்கொள்வது:

என் பணிப் பதிவேட்டில் ‘மதப் பரப்புரை’, ‘தூண்டுதல்’ என்று எழுதியுள்ள இரண்டு சொற்களையும் அடித்துத் திருத்தி, என்னை மாடிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதன் பிறகு மைக்கில் அந்த வார்த்தையைச் சொல்லலாமா கூடாதா என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள். கூடாது என்றால் சொல்ல மாட்டேன். “பத்திரமா போயிட்டு வாங்க” என்று மட்டும் சொல் என்றால் அதையும் மனதார, அதே குரலில் சொல்வேன். ஆனால் எந்த வார்த்தைக்குப் படகை நகர்த்த வேண்டும் என்பதை எல்லாக் கேப்டன்களுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். இப்போது என் இடத்தில் இருக்கும் தம்பி “புறப்படலாம், ஓவர்” என்றதும், வாயை நன்றாகப் பார்த்தாரா இல்லையா என்று கேப்டன்கள் ஒவ்வொரு முறையும் திரும்பக் கேட்டுத்தான் போகிறார்கள். மூடுபனிக் காலம் வருகிறது. அதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும்.

அந்த மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் கையெழுத்திட மாட்டேன். இனிமேல் சொல்ல மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னால் இந்த நிமிஷமே தருகிறேன். இதுவரை சொன்னது தப்பு என்று எழுதித் தர மாட்டேன். போன படகுகள் எல்லாம் நல்லபடியாகத்தான் திரும்பி வந்தன.

11. இறுதியாக ஒன்று. இதை மனுவில் எழுத வேண்டாம், நீயே தலையைக் கொடுக்கிறாய் என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு நியாயம் கேட்க எனக்கு வராது.

தொலைந்த பொருள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதில் சுவர்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும். படகு கிளம்பும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. நான் கீழே வந்ததிலிருந்து, கேப்டன்கள் நீள ஹாரனை அடித்துவிட்டு, கடைசியில் சின்னதாக இன்னொன்று சேர்த்து அடிக்கிறார்கள். எல்லோரும் அடிக்கிறார்கள். அது எதற்கு என்று அவர்களும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தச் சின்ன ஹாரன் கேட்கும்போதெல்லாம், கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு, குடைகளுக்கு நடுவில் எழுந்து நின்று, “நல்லபடியா போயிட்டு வாங்க, கடவுள் துணை” என்று வாய்விட்டுச் சொல்கிறேன். இங்கே மைக் கிடையாது. அவர்களுக்குக் கேட்காது. சுற்றறிக்கையில் ‘ஒலிபரப்புக் கருவி வழியாக’ என்றுதான் இருக்கிறது. ஆனாலும் பணி நேரத்தில், அரசுக் கட்டடத்தில், அரசு கொடுத்த சம்பளத்துக்கு உட்கார்ந்துகொண்டு ஒரு படகும் விடாமல் சொல்கிறேன். நாளையும் சொல்வேன். இது குற்றம் என்றால் இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இடம்: தொலைந்த பொருள் அறை, பிரதான படகுத்துறை
நாள்: தேசிய தினத்துக்கு முந்தைய மாதம், கடைசி வெள்ளிக்கிழமை

இதை எழுதியவள்,
(ஒப்பம்)
கட்டுப்பாட்டு அறை வயர்லெஸ் பணியாளர்